இருதலைக் கொள்ளி

பைன் மரத்தைக் காகிதமாக்கும் ஆலை
தனக்கு வேண்டாததைக் குழாய் வழியே
எங்களுக்கு அனுப்புகிறது.
கறுத்து, கந்தகம் நாறி, கூழாய் வரும் சோப்பு.
அமிலமிட்டு, வடித்து, தேன்நிறமாக்கித்
தொட்டியில் நிறைக்கும்போது
அது வெறும் கொழுப்பு.
மரத்துக்கும் கொழுப்பு உண்டென்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது எனக்கு.

ஜனவரி. இரவு முறை.
போத்னியா வளைகுடா கரையோரம் உறைந்து கிடக்கிறது.
உள்ளே, மூன்றாம் எண் கலனில்
இருபத்தெட்டு டிகிரி.
ஈஸ்ட்டுகளுக்கு என்றும் கோடை.

ஆனால் அவற்றுக்கு ஒரு குறை செய்திருக்கிறோம்.
கைசு அலத்தாலோ பலகையில் வரைந்து காட்டினாள்:
கொழுப்பு ஒரு நீண்ட சங்கிலி.
சாதாரண ஈஸ்ட் அதைத் தலையிலிருந்து
இரண்டிரண்டு கரியணுவாய் நறுக்கித் தின்றுவிடும்.
"நறுக்கும் கத்தரியின் மரபணுக்களை எடுத்துவிட்டோம்,
ஆறையும்" என்றாள்,
கோட்டிலிருந்து பொத்தான் பிய்த்ததுபோல.

தலையைக் கடிக்க முடியாத பிராணி
வாலைப் பற்றுகிறது.
வால்நுனியை ஆக்சிஜனால் சுட்டுச் சுட்டு
அங்கேயும் ஓர் அமிலம்.
இருமுனையும் எரிகிற கொள்ளி;
நடுவே எறும்பு இல்லை,
பதினெட்டுக் கரியணு மட்டும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இதற்கு வாய்க்கும் எட்டியது.
வயிற்றுக்குத்தான் எட்டவில்லை.
செரிக்காததை வெளியே தள்ளுகிறது,
நாங்கள் அதைத்தான் விற்கிறோம்.
நைலானாகும், பசையாகும்,
யாரோ ஒருத்தியின் கழுத்தில்
கஸ்தூரி வாசனையுமாகும்.

சொல்லக் கூடாது, சொல்கிறேன்:
ஏப்ரலில் என் பித்தப்பையை எடுத்தார்கள்.
நள்ளிரவு, சாப்பாட்டு அறை.
தப்பானி கீஸ்கிலா
மீனும் பன்றிக்கொழுப்பும் பொதிந்து சுட்ட
கம்பு ரொட்டியை வெட்டுகிறான்,
கத்தியோரம் வழிகிறது.
எனக்கு வேகவைத்த கேரட்.
"ஹில்க்கா, உனக்கும் மூன்றாம் எண்ணுக்கும்
ஒரே வியாதி" என்கிறான்.
சிரித்தேன்.
கேரட்டை மென்று முடிக்க வெகுநேரமாயிற்று.

மூன்று பத்துக்கு மணி அலறியது.
காரம் கூடி, கொழுப்பு கலனுக்குள்ளேயே
சோப்பாகிவிட்டது.
நுரை.
பார்வைக் கண்ணாடி வரை,
அதற்கு மேல், காற்று வெளியேறும் குழாய் வரை.
பொங்கி வழிந்தால் மங்கலம் என்று கூவுகிற ஊரும்
உலகில் எங்காவது இருக்கும்.
இங்கே பொங்கினால்
பதினோராயிரம் லிட்டர் பாழ்.

நுரைகொல்லி விட்டேன், போதவில்லை.
காற்றைக் குறைத்தேன்.
குறைத்ததும் ஆக்சிஜன் முள் சரிந்து
பூஜ்யத்தில் படுத்தது.
ஒரு துளியில் கோடி உயிர்,
ஒன்றுக்கும் சத்தமில்லை.
தப்பானி ஓடிப்போய்க் கொழுப்புக் குழாயை அடைத்தான்.

மிஞ்சியது சர்க்கரைக் குழாய்.
சொட்டுச் சொட்டாகப் போகும் குளுக்கோஸ்,
வளர்வதற்கல்ல,
சாகாமல் இருப்பதற்கு மட்டும்.
கைசுவின் கணக்கில் அவற்றுக்கான கூலி.
மூச்சு அடைத்தால் அதையும் மூடு என்கிறது கையேடு,
பக்கம் நாற்பத்தொன்று, தடித்த எழுத்தில்.

வால்வில் கை வைத்தேன்.
கை வைத்தபடியே நின்றேன்.

நான்கு இருபத்தைந்துக்கு நுரை இறங்கியது.
முள் தயங்கி எழுந்தது,
எட்டு, பதினொன்று, பத்தொன்பது.
தப்பானி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
சர்க்கரை மானியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
காப்பி போடப் போய்விட்டான்.
அறிக்கையில் "காரணம்" என்றொரு கட்டம் இருந்தது.
நிரப்பவில்லை.

ஆறாம் நாள் அறுவடை.
சூடாக்கி ஈஸ்ட்டைப் பிரித்து
கொதிகலனுக்கு எரிபொருளாய் அனுப்பினோம்,
ஒரு வாய் கொழுப்பும் உடம்பில் ஒட்டாதவற்றை.
தெளிந்த நீரில் அமிலம் விட
வெள்ளையாய்ப் பொடி இறங்கிற்று, சத்தமின்றி,
நிற்காமல், வடிதுணி கனக்கும் வரை.

லிட்டருக்கு நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எப்போதும் நூற்றுப் பதினெட்டு வரும்.
மிச்சம் ஆறு எங்கே என்று
கைசு கேட்டாள்.

நுரை, என்றேன்.